பதினேழாம் தூணுக்குப் போட்ட கையெழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று எழுந்ததும் காபிகூடக் குடிக்காமல் பம்மல் சைட்டுக்குப் போய், பதினேழாம் தூண் அருகே நின்றேன். நீ நலம்தானே? கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விட்டுக்கொள்கிறாயா?

பயப்படாதே, யாருக்கும் அடிபடவில்லை. போன வெள்ளிக்கிழமை அந்த அஸ்திவாரத் தூணை ஹைட்ராலிக் சுத்தியலால் மண்ணில் இறக்கும்போது, அதன் தலையில் வைத்த பலகை நைந்துபோனது. ஆபரேட்டர் மாரி அண்ணா புதுப் பலகை வைத்தார். அடுத்துப் பத்து முறை அடித்தும் தூண் இறங்கவில்லை.

"பாறை வந்துட்ச்சி மேடம். கையெழுத்துப் போட்டுட்டு தென்காசி வண்டியப் புடிங்க, அம்மா பாத்துகினு இருக்கும்" என்று சிரித்தார்.

தூண் பாறையில் நிற்கிறது என்று இன்ஜினியராகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். புதுப் பலகை மெத்தை மாதிரி. முதல் அடிகளின் வேகத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும், தூணுக்கு விடாது. மேலும் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். தெரிந்தும், ரயிலை விடக் கூடாதென்று அவசரப்பட்டேன். தூண் பாறையைத் தொடாமல் நின்றிருந்தால், மேலே வரும் ஆறு மாடியும் ஒரு பக்கம் இறங்கும். உன் கையால் தோசை சாப்பிடும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தி வரும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. தனியாகச் சாப்பிடுவதால் சமைக்கவே தோன்றவில்லை.

ஆபீஸ் போக ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. அந்தத் தூணை மறுபடி அடிக்க வேண்டும், தவறு என்னுடையது என்று இன்று மேலாளரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். வேலை போனாலும் போகட்டும். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

சத்யபிரியா