மாடி வேண்டாம்

பிப்ரவரி 9

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

நலம். நீயும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே போனில் பேசினால் பத்து நிமிடத்தில் வரிசையில் பின்னால் நிற்கிறவன் முதுகைத் தட்டுகிறான். வீட்டு விஷயத்தை அந்த அவசரத்தில் பேச முடியாது. அதனால் பிளானை வரைந்தே அனுப்பியிருக்கிறேன், பிரித்துப் பார்.

நீ வாங்கிய மனையை நான் கண்ணால் பார்த்ததில்லை. நீ எழுதிய அளவை வைத்துத்தான் வரைந்தேன். அரை இன்ச் என்றால் ஒரு அடி. வாசலை ஒட்டி உன் தையல் அறை. துணி கொடுக்க வருகிறவர்கள் வீடு முழுக்க எட்டிப் பார்க்க வேண்டாம். ஜன்னல் மெஷினுக்கு இடப்பக்கம், வெளிச்சம் ஊசிமேல் விழும். அடுப்படியிலிருந்து திரும்பினால் கூடம். பாப்பாவுக்குத் தனி அறை, கதவோடு. பதினொரு வயதாகிவிட்டது, இனிமேல் கதவு கேட்பாள். பின்னால் நமக்கு ஒரு படுக்கையறை.

பட்டறையில் எல்லோரும் பார்த்தார்கள். "இன்ஜினியரே, எங்க வீட்டையும் வரைஞ்சு குடுங்க" என்று ஒரே கிண்டல். ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் சுவர் எழும்பிவிட்டால், ஊருக்கு வந்து நானே கேட்டை வெல்டு வைப்பேன்.

உன் வெல்டர்


பிப்ரவரி 27

என்னங்க,

சௌக்கியமா என்று கேட்டு முடித்துவிட்டு நேராகச் சண்டைக்கு வருகிறேன்.

பிளான் ரொம்ப நன்றாக இருக்கிறது. தையல் அறை ஜன்னலைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. ஆனால் நான் தையல்காரி ஆயிற்றே, பேப்பரில் வெட்டிப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன். மெஷின், பீரோ, மேஜை, கட்டில் எல்லாவற்றையும் டேப்பால் அளந்து, நீங்கள் சொன்ன கணக்குக்குப் பழைய செய்தித்தாளில் வெட்டி, பிளான்மேல் வைத்துப் பார்த்தேன். எல்லாம் அச்சாகப் பொருந்தியது. நம் கட்டிலை வைத்தால் மட்டும் கதவு திறக்கவில்லை.

நீங்களே பென்சிலில் ஒரு கட்டில் போட்டிருக்கிறீர்கள். அளந்தேன். இரண்டரை அடி. அறையே ஆறடிக்கு எட்டடி. மேஸ்திரியிடம் காட்டினால், "நான் ஸ்டோர் ரூம்னுல்ல நெனச்சேன்! இதுல ஒரு ஆளுதாம்மா படுக்கலாம்" என்றார். சிரித்துச் சமாளித்தேன். நான் எங்கே படுப்பதாம்? மெஷின் மேலேயா?

கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
இடமில்லாதவள்


மார்ச் 15

என் டெய்லரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். கட்டில் அளவு வேண்டுமே என்று இங்கே நான் படுக்கிற கட்டிலை அளந்து போட்டிருக்கிறேன்! ஒன்பது வருஷமாக இரண்டரை அடியில் புரள்கிறவனுக்குக் கட்டில் என்றால் அதுதான் ஞாபகம் வருகிறது. உன்னை மறந்து போடவில்லை, சத்தியம். இந்த முறை அறை பத்துக்குப் பன்னிரண்டு. போதுமா தாயே?

அதைப் பெரிதாக்கியதும் பாப்பாவின் அறை சுருங்கிவிட்டது. யோசித்தேன். மேலே ஒரு மாடி எழுப்பி அவளை அங்கே அனுப்பிவிடலாம். மாடிப்படியும் வரைந்திருக்கிறேன், பார். மேனேஜரும் "இன்னும் ரெண்டு வருஷம் இருங்க, உங்களை மாதிரி ஆளு கிடைக்க மாட்டாங்க" என்கிறார். இரண்டு வருஷம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். மாதக் கடைசிக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். நீ என்ன சொல்கிறாய்?

உன் வெல்டர்


மார்ச் 24

என்னங்க,

மாடி வேண்டாம்.

ஒரு அறையும் அடுப்படியும் போதும் என்று சொல்லித்தான் போனீர்கள். அப்போது பாப்பாவுக்கு இரண்டு வயது. பிறகு கூடம் வேண்டும் என்று இரண்டு வருஷம் சேர்த்தீர்கள். பிறகு பாப்பாவுக்கு அறை என்று இன்னும் இரண்டு. நீங்கள் பேப்பரில் ஒரு கோடு போட்டால் எனக்கு இரண்டு வருஷம் போகிறது. கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடுமாம்! இங்கே வந்து மூடித் திறந்து பாருங்கள், தெரியும்.

நேற்று மேஸ்திரி மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினார். சாயங்காலம் நானும் பாப்பாவும் அறை அறையாக நடந்தோம். "அப்பா எங்கம்மா உக்காருவாரு?" என்று கேட்டாள். கூடத்தில் ஒரு இடத்தைக் காட்டினேன். அவளே போய் மண்ணில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இங்கேருந்து என் ரூம் தெரியுது. நல்ல இடந்தான்" என்றாள். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அவள் அறை சுருங்கினால் சுருங்கட்டும், அவளே அப்படித்தான் சொல்கிறாள். எனக்கு நீங்கள் வேண்டும். இத்தனை வருஷம் சொல்லாததை எழுதிவிட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. படிக்கு இடம் விட வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லியாயிற்று. ஜூனில் வந்துவிடுங்கள்.

உங்களவள்


ஏப்ரல் 6

டெய்லரம்மா,

உன் கடிதம் இரண்டாம் தேதி வந்தது. நான் முப்பத்தொன்றாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பழியைத் தபால்காரன்மேல் போட்டுத் தப்பித்திருக்கலாம். மனசு வரவில்லை. நீ வேண்டாம் என்றுதான் எழுதுவாய் என்று தெரிந்தேதான் போட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தேனே, ஒரு மாதம். தண்ணீர் குடிக்க டம்ளர் எங்கே என்று உன்னை மூன்று தடவை கேட்டேன். நான் உள்ளே வந்தாலே பாப்பா, டீச்சரைக் கண்டதுபோல எழுந்து நின்றாள். மாதக் கடைசியில்தான் கொஞ்சம் ஒட்டினாள், அதற்குள் நான் கிளம்பிவிட்டேன். இந்தப் பேப்பரில் வரைந்த வீட்டில்தான் எது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரிகிறது. நிஜமாக வந்து நின்றால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. இதைப் போனில் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டேன்.

உன்மேல் ஆசை இல்லாமல் இல்லை. உங்கள் இரண்டு பேரையும் நினைக்காத நாள் கிடையாது. என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

வெல்டர்


நவம்பர் 2

என்னங்க,

அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய ஐந்து கடிதங்களும் வந்தன. போன் வரும்போதெல்லாம் பாப்பாவைப் பேசவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். திட்டி எழுதத்தான் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதுவேன், கிழித்துவிடுவேன்.

வீடு முடிந்துவிட்டது. மாடி இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை குடிவந்துவிட்டோம். பாப்பா அறைக்குள் போனால் கூப்பிட்டாலும் வருவதில்லை. எனக்கு நாலு தெருவிலிருந்து துணி வருகிறது, பேசக்கூட நேரமில்லை. நீங்கள் பயந்ததைப் படித்துப் படித்து எனக்கும் இப்போது பயம் வந்துவிட்டது. இருந்தாலும் உங்களை எதிர்பார்ப்பதை நிறுத்தத் தெரியவில்லை.

இனிமேல் கடிதத்தை உறைமேல் எழுதியிருக்கிற புது விலாசத்துக்குப் போடுங்கள். உங்களுக்கு வழி தெரியாதே, அதனால் எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடக்க வேண்டும். மருந்துக்கடை வரும், அதை ஒட்டி இடது கைப் பக்கம் சந்து. சந்து முனையில் சைக்கிள் கடைக்காரர் இருப்பார், நல்ல மனிதர், அவரைக் கேளுங்கள். உங்கள் பேரைச் சொல்லிக் கேட்காதீர்கள், இங்கே யாருக்கும் தெரியாது. டெய்லர் வீடு என்று கேளுங்கள், கூடவே வந்து காட்டுவார்.

இப்படிக்கு,
டெய்லரம்மா