பிஞ்சில் வெட்டிய தார்

மருந்து நாள் 9. 06:10. பொருநை நிலையம், செவ்வாய்ச் சுற்றுப்பாதை.

நிலையத்தில் ஆட்கள்: ஒன்று. அதாவது நான், முனைவர் சிவனணைந்த பெருமாள், இந்தச் சுற்றுப்பாதை முழுமைக்கும் ஏகச் சக்கரவர்த்தி. குடிமக்கள் இல்லாததால் கலகமும் இல்லை. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. காபித்தூள் தீர்ந்து நாற்பது நாள். வரலாறு காணாத பேரிடர் என்று பதிவு செய்கிறேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு விஷயம் சுருக்கமாக. நம் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று அடுப்புகள் உண்டு. ஒவ்வோர் அடுப்புக்கும் சொந்தமாகக் கொஞ்சம் டி.என்.ஏ. அதிலிருந்து வரும் ஆர்.என்.ஏ. தனித்தனியாக வராது, வாழைத்தார் மாதிரி ஒரே நீளமாக வரும். சீப்புக்குச் சீப்பு நடுவே முடிச்சு. முடிச்சு ஒழுங்காக மடிந்ததும் முன்னால் ஒரு கத்தி, பின்னால் ஒரு கத்தி வெட்டும். சீப்பு தனியாகும், வால் ஒட்டும், பழுக்கும். பழுத்ததுதான் வேலைக்கு ஆகும்.

எங்கள் வம்சத்தில் ஒரு முடிச்சில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. கத்தி தயங்குகிறது. தார் வெட்டுப்படாமல் குவிகிறது. அடுப்பு அணைகிறது. பிழை தாய்வழி மட்டுமே இறங்கும். என் தங்கை வடிவு முப்பத்தெட்டு வயதில் இதில்தான் இதயம் நின்று போனாள். அவள் மகள் குழல்வாய்மொழி, எங்கள் குழலி, பத்தொன்பது வயது, இப்போது பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில். என் தொடையிலும் அதே பிழை. பூமியில் நான்கு படி ஏறினால் இமயமலையைத் தூக்கி வந்தவன்போல இரைப்பேன். காலே வேண்டாத இடம் என்றுதான் இங்கே வேலைக்கு வந்தேன்.

பெற்ற தகப்பனுக்கு அவள் மைட்டோகாண்ட்ரியாவில் தூசியளவு பங்கு கிடையாது. தாய்மாமனுக்கு முழுப் பங்கு. ஆகவே அவளுக்கு முன்னால் மருந்தைத் தின்று பார்க்க அண்டசராசரத்திலும் தகுதியுள்ள ஒரே உடம்பு இது.

மருந்துக்கு நான் வைத்த பெயர் அரிவாள். எடையற்ற இடத்தில்தான் படிகமாகும். கத்தியின் தயக்கத்தைப் போக்கும். ஒரு பெட்டி சரக்குக் கப்பலில் போய் ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் காத்திருக்கிறது. எவ்வளவு கொடுப்பது என்பதை நான் சொல்லவேண்டும்.

மருந்து நாள் 9. 17:30.

ஒன்பது நாளாக நான் தின்பது தினம் நாற்பது மில்லிகிராம். வெட்டுப்படாத தார் அறுபது சதத்திலிருந்து எட்டுக்கு இறங்கிவிட்டது. காலால் சுவரை உதைத்தேன். செவ்வாய் ஓரடி நகர்ந்திருக்கும்.

நாளை சூரியன் குறுக்கே வருகிறான். பதினான்கு நாள் பூமியோடு பேச்சு இல்லை. குழலியின் அப்பா, அவளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் பூலுடையார், அனுப்பிய செய்தி:

"வேய் மச்சான், குத்தாலத்துல புலிய அடிச்சேன்னீரு. போய்ப் பாத்தா பூன. உம்ம பேச்சுல பத்துல ஒண்ணுதான் எடுப்பேன். புள்ளைக்கு இதயம் இன்னும் எறங்கிட்டு. வெளையாடாம அளவச் சொல்லும்."

நடுவில் குழலி: "அப்பா கெடக்காவ, விடுங்க மாமா. நான் படி ஏறிருவேனா?"

பதில் அனுப்பினேன்: "படியா? பொதிகை மலைய ஒரே மூச்சுல ஏறுவ தாயி. அளவு நாப்பது."

முப்பது நாள் பார்த்த பிறகே அளவு சொல்லவேண்டும் என்பது நானே எழுதிய விதி. சூரியன் விதி பார்ப்பதில்லை.

மருந்து நாள் 13. 08:00.

விரல் நடுக்கம். காபி இல்லாத குறை. வேறொன்றுமில்லை.

மருந்து நாள் 16. 11:20.

வேறொன்றுதான். தொடையிலிருந்து எடுத்த மாதிரியில் தாரே இல்லை. துண்டுகள். கத்திக்கு வேகம் போதாது என்று அரிவாளைக் கொடுத்தேன் அல்லவா? அது முடிச்சு மடிவதற்குள் வெட்டுகிறது. பிஞ்சிலேயே. பிஞ்சில் வெட்டிய தார் பழுக்காது, அழுகும். ஒன்பதாம் நாள் நான் பார்த்துக் குதித்ததும் இந்த வெட்டுதான். வெட்டியதா என்று பார்த்தேன், பழுத்ததா என்று பார்க்கவில்லை.

மருந்தை நிறுத்திவிட்டேன். வானொலியில் சூரியனின் இரைச்சல் மட்டும். அதனிடம் கத்திப் பார்த்தேன்.

மருந்து நாள் 19. 10:00.

நிறுத்தி மூன்று நாள். துண்டுகள் கூடுகின்றன. அரிவாள் கத்தியை விட்டு இறங்க மறுக்கிறது. நெஞ்சு தவறித் தவறி அடிக்கிறது.

ஒரே நம்பிக்கை: பத்தில் ஒன்று. நாற்பதில் பத்தில் ஒன்று நான்கு. நான்கு மில்லிகிராம் ஈயைக்கூடக் கொல்லாது. பூலுடையாரே, உம் அவநம்பிக்கைக்கு ஆயிரங்கால் மண்டபம் கட்டுகிறேன். என்னை நம்பாதிரும்.

மருந்து நாள் 21. 15:45.

மிதக்காமலிருக்க இடது காலை வெளிச்சுவர் ஓரம் கட்டிவைத்திருந்தேன். சுவர் பனிக்கட்டி. அந்தக் காலில் துண்டுகள் பாதிதான். குளிரில் கத்தி நிதானமாகிறது, முடிச்சுக்கு மடிய நேரம் கிடைக்கிறது. புதிய கத்திகள் உருவாகும்வரை, ஐந்து நாள், உடம்பைக் குளிரில் வைத்தால் போதும். வைத்தியம் கண்டுபிடித்துவிட்டேன். சொல்வதற்கு ஆள் இல்லை. நெஞ்சு நின்றால் சூடேற்றவும் ஆள் இல்லை, அதனால் நான் குளிரில் இறங்கவில்லை.

மருந்து நாள் 24. 07:05.

தொடர்பு வந்தது. பதினான்கு நாள் முன்பு பூலுடையார் பேசியது:

"மச்சான், இருவது வருசம் உம்ம நம்பல. வடிவு போனப்போகூட நீரு சொன்னதக் கேக்கல. இந்த ஒரு தடவ நம்புதேன். நாப்பது, அப்பிடியே குடுத்தாச்சு."

நேற்றைய குழலி: "மாமா, வார்டு முழுக்க நடந்தேன் தெரியுமா! நர்சு அக்கா கை தட்டுனாவ. இன்னைக்கு வெரல்தான் லேசா நடுங்குது. தூக்கம் பத்தாததால இருக்கும்லா?"

இன்று அவளுக்குப் பதினைந்தாம் நாள். என்னைவிட ஒன்பது நாள் பின்னால் அதே பாதையில் வருகிறாள்.

07:20. அனுப்பினேன்: நிறுத்து. குளிரில் வை. உடம்பு முப்பத்து மூன்று டிகிரி. ஐந்து நாள். போய்ச் சேர இருபத்தோரு நிமிடம்.

மருந்து நாள் 24. 08:31.

பூலுடையார்: "மருந்த நிறுத்திட்டேன். ஆனா இது பத்துல எத்தன வேய்? உம்ம சொல்லக் கேட்டுத்தான் குடுத்தேன். இப்ப உம்ம சொல்லக் கேட்டு, ஏற்கனவே சொணங்குன நெஞ்ச ஐஸ்ல வைக்கவா? ஒரு புள்ளதான்யா எனக்கு இருக்கு."

நியாயம்.

நான் எழுதினால் நம்பமாட்டார். சத்தியம் செய்தால் இன்னும் நம்பமாட்டார். அதனால் எழுதப்போவதில்லை. தொடையில் ஊசியைக் குத்தி, துண்டுகளை எண்ணும் கருவியை நேரே ஆஸ்பத்திரித் திரைக்குத் திறந்துவிட்டேன். ஹீட்டரை அணைத்துவிட்டேன். இனி உடம்பு பேசட்டும். அதற்குக் கதை அளக்கத் தெரியாது.

கை வரவில்லை. விரல் எழுத்தைத்

தானியங்கிப் பதிவு. மருந்து நாள் 24.

10:00. உடல் 36.1. நாடி 58. துண்டு 71 சதம்.

11:00. உடல் 34.6. நாடி 47. துண்டு 55 சதம்.

12:00. உடல் 33.4. நாடி 33. துண்டு 39 சதம்.

13:00. உடல் 32.8. நாடி 17. துண்டு 31 சதம்.

13:25. வந்த செய்தி, பூமி:

"மச்சான், துண்டு எண்ணிக்கையப் பாத்துட்டேன். எறங்குது. புள்ளையக் குளிர்ல படுக்க வச்சாச்சு. உம்ம நாடியும் எறங்குதே வேய், ஹீட்டரப் போடும். போட்டுட்டு ஒரு வார்த்த சொல்லும். பொய்யாவாது சொல்லும்."

13:30. உடல் 32.5. நாடி 0. துண்டு 30 சதம்.

13:30. பதில் செய்தி: இல்லை.