துடைத்துப் பார்த்த மேசை

என் தங்கத்துக்கு,

சுகமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

பாலிஷ் போடும் முன் வெறும் மரத்தை ஸ்பிரிட் துணியால் துடைப்போம். பிறகு வரப்போகும் நிறம் அரை நிமிடம் தெரியும். பசை சிந்திய இடமும் வெளுப்பாகத் தெரிந்துவிடும். திங்களன்று உன் அண்ணன் செய்த மேசையைத் துடைத்தேன். நாலு இடத்தில் பசைக்கறை.

“மச்சான், யாரும் பாக்குறதுக்குள்ள தேச்சிடுங்க” என்று காதோடு சொன்னேன்.

“நான் பாத்துக்கிறேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க மாப்பிள்ளை.”

சாப்பிட்டு வந்தால், என் துணியாலேயே துடைத்து மேஸ்திரிக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். “இவருதான் ஒட்டினாரு. எத்தனை சொன்னாலும் கேக்கறதில்ல” என்று என்னைக் கைகாட்டினார்.

பழியை நானே ஏற்றுக்கொண்டேன். உன் முகம் கண்முன் வந்து நின்றது. வேலை போகவில்லை, பயப்படாதே. என்னை உப்புத்தாள் தேய்க்கப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவரும் நானும் இன்னும் ஒரே அறையில்தான் படுக்கிறோம்.

உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு. மரம் துடைக்கும் வேலை இப்போது இல்லை. முகம் துடைக்கவாவது ஆகும்.

ஊருக்குக் கிளம்பிய எலக்ட்ரீஷியன் இந்தக் கடிதத்துக்காகப் பெட்டியோடு நிற்கிறார். முடிக்கிறேன். இந்தத் தடவை புடவையில் உன் அண்ணனுக்கென்று பாதி கிழிக்காதே.

உன்னவன்