வாப்பாவின் தொப்பி வெள்ளையில்லை

மடவளை
ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகன் அஸ்ஃபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் முதல் வரி எழுத வேண்டுமாம், எழுதிவிட்டேன், மிச்சத்தையும் படித்துவிட்டு அது எவ்வளவு உண்மை என்று நீயே பார்த்துக்கொள். டோஹாவில் உன்னை அல்லாஹ் நல்ல சுகத்தோடு வைத்திருப்பானாக. வட்ஸ்அப் இருக்கும்போது உம்மாவுக்கு எதற்குக் காகிதமும் பேனையும் என்று சிரிப்பாய், சிரி. நீ போன் எடுத்தால் வாப்பா அதை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கதிரையை இழுத்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நான் உனக்கு அனுப்புகிற மெசேஜ் எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துவிட்டுத்தான் படுக்கிறார். ஆகவே மாமியின் மகன் ரஸீன் புதன்கிழமை அங்கே திரும்பும்போது இந்தக் கடிதத்தையும் கமராவின் மெமரி கார்டையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். ரஸீன் உன்னைப் போல கலைஞன் இல்லை, கொடுத்ததைக் கொண்டுவந்து தருவான்.

முதலில் கமராவுக்கு நன்றி. நீ புதியதொன்றை வாங்கிக்கொண்டு இதை உம்மாவுக்கு அன்பளிப்பாக அனுப்பியதை ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், பழையது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். பச்சை அடையாளத்தில் வைத்து எடுத்தபோது எல்லாப் படமும் ஒழுங்காகத்தான் விழுந்தது, சந்தோஷமாக இருந்தேன், அது உனக்குப் பொறுக்கவில்லை, அது சோம்பேறிகளுக்கு, எம் என்ற எழுத்தில் வையுங்கள் உம்மா என்றாய். வைத்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தை எடுத்தால் நடுப்பகலில் இஷா நேரத்து இருட்டு, ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள் என்றாய், கூட்டினேன், பாலமும் போய் ஆறும் போய் வெறும் வெள்ளை மிஞ்சியது. ஷட்டரை மெதுவாக வைக்கச் சொன்னாய், மடவளை பஸ் ஒரு நீலக் கோடாக விழுந்தது, அதற்குப் பெயர் கலை என்றாய், அந்த பஸ்ஸில் இருந்து எனக்குக் கை காட்டிய ஷஹ்மா மாமி தன் முகம் எங்கே என்று இன்றைக்கும் கேட்கிறா. அதற்குப் பிறகு வந்தது உன் ரோ. கமரா தானே செய்து தருகிற படம் வேண்டாம், அது கண்டதை அப்படியே வைத்திருக்கிற ரோ கோப்பை அனுப்புங்கள், நிறமும் வெளிச்சமும் நான் இங்கே சமைத்துக்கொள்கிறேன் என்றாய். முட்டை அவிக்கத் தெரியாத பிள்ளை சமைக்கிறேன் என்றால் பெற்றவளுக்குப் பெருமைதானே. ஒரு படம் போய்ச் சேருவதற்குள் நுஹாவின் டேட்டா தீர்ந்து அவளுடைய கெம்பஸ் வகுப்பு நின்றுவிடுகிறது, உன் தங்கச்சி அப்போது என்னைப் பார்க்கிற பார்வையை ரோவில் எடுத்து அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், கவனமாகப் படி. முகம் எடுத்தால் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள், எடுத்த பிறகு கண்ணைப் பெரிதாக்கிக் கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள், பக்கத்தில் வெள்ளையான ஒரு சாமானும் இருக்கட்டும், லெப்டொப்பில் அதைத் தொட்டு இதுதான் வெள்ளை என்று காட்டினால் படத்தின் நிறம் முழுவதையும் திருத்திவிடலாம் என்று சொல்லித் தந்தவன் நீதான். வாத்தியார் சொன்னபடி போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி ஜும்ஆவுக்குப் புறப்பட்ட வாப்பாவை வாசலில் நிறுத்தினேன், பெருநாளுக்கு வெள்ளையடித்த சுவர் பக்கத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில். எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் கூர்மையாகத்தான் இருந்தது மகன், ஆனால் கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை, மஞ்சளாக இருந்தது. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் கண்ணை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை, அதற்கும் உன் கமராவுக்கு நன்றி. கொஞ்ச நாளாகக் கையைக் காலைச் சொறிகிறார், பள்ளிவாசல் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நிற்கிறார், கேட்டால் வெயில் என்கிறார், மழை பெய்கிற நாளிலும் வெயில்தான். மஞ்சள் காமாலை, செங்கமாரியாக இருக்கும், டொக்டரிடம் போவோம் என்றேன். கமராவில் கோளாறு, மகன் பார்த்துத் திருத்தட்டும் என்றார்.

அனுப்பினேன், நீயும் திருத்தினாய். வாப்பாவுக்கு மஞ்சள் அடித்திருந்தது உம்மா, எடுத்துவிட்டேன் என்று சிரிக்கிற முகமும் போட்டு அனுப்பினாய். நான் எடுக்கச் சொன்னதும் அந்த மஞ்சளைத்தான், படத்திலிருந்து இல்லை, அவர் உடம்பிலிருந்து. அவ்வளவுதான், வாப்பா அன்றைக்கே கண்டிக்குப் போய் அதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, தன் கடையில் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டார். ஆணி வாங்க வந்தவனும் பார்க்க வேண்டும், பெயின்ட் வாங்க வந்தவனும் பார்க்க வேண்டும். நான் டொக்டர் என்று வாயெடுத்தால் ஒரே பதில்தான்: "மகன் அனுப்பின படத்துல ஒரு மஞ்சளும் இல்ல. ஒங்கட கண்ணுலதான் மஞ்சள் ஈக்கி."

எனக்கும் இரண்டு நாள் என் கண்ணில்தான் பிழையோ என்று இருந்தது. மூன்றாம் நாள் அவருக்குச் சாப்பாடு கொண்டு கடைக்குப் போனவள் அந்தப் படத்தைக் குனிந்து பார்த்தேன். தொப்பி பஞ்சு போல வெள்ளையாக இருந்தது. மகன், அந்தத் தொப்பி என்றைக்கு வெள்ளையாக இருந்தது? உன் அப்பா, வாப்பாவைப் பெற்றவர், ஹஜ்ஜுக்குப் போட்டுப் போய் ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்தது என்று வாப்பா அதில் சவர்க்காரம் பட விடுவதில்லை, வெள்ளிக்கிழமை மட்டும் எடுத்து அத்தர் தடவிப் போடுகிறார், அது பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்து எத்தனை காலம். அதை மடித்து அலுமாரியில் வைத்தே வளர்ந்த பிள்ளை நீ. தொப்பி என்றால் வெள்ளை என்று நினைத்து அதைத் தொட்டிருக்கிறாய், தொப்பியின் மஞ்சளை எடுக்கப் போய் வாப்பாவின் கண்ணில் இருந்ததையும் சேர்த்து எடுத்துவிட்டாய். நுஹாவின் லெப்டொப்பில் நாங்களும் ரோவைத் திறந்து பார்த்தோம், உனக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதே. தொப்பியைத் தொட்டால் வாப்பா புது மாப்பிள்ளை, சுவரைத் தொட்டால் மஞ்சள் திரும்பி வருகிறது. நுஹா லெப்டொப்பை மூடிவிட்டு அறைக்குள் போய் அழுதாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது மகன். கேலி பண்ணிக் கேலி பண்ணி இவ்வளவும் எழுதினேன், வேறு மாதிரி எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். லெப்டொப்பில் அவருக்கும் காட்டினோம், தாயும் மகளும் சேர்ந்து எதையோ அமத்தி என் முகத்தில் மஞ்சள் பூசுகிறீர்கள் என்று எழும்பிப் போய்விட்டார். என் வார்த்தை இந்த வீட்டில் ஓடாது, டோஹாவில் படித்த மகனின் வார்த்தைதான் ஓடும். ஆகவே கார்டில் இருக்கிற படத்தை நீயே திறந்து சுவரைத் தொட்டுப் பார், பார்த்துவிட்டு உன் வாயால் அவரிடம் சொல், வாப்பா நான் பிழையாகத் திருத்திவிட்டேன், உம்மா கண்டதுதான் சரி, இரத்தம் பாருங்கள் என்று. உன் பெயர் கொஞ்சம் கெட்டால் கெடட்டும், அடுத்த மாதம் நல்ல படம் ஒன்று எடுத்துச் சரிபண்ணிக்கொள்.

ரஸீனிடம் கொஞ்சம் மாசிக் கருவாடும் உனக்குப் பிடித்த மிளகாய்த்தூளும் தந்திருக்கிறேன். தொழுகையை விடாதே, இரவில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படம் திருத்தாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக, உன் வாப்பாவுக்கும் தருவானாக.

மறந்துவிடாதே, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முந்திக் கூப்பிடு, உனக்கு அது சுபஹ் நேரம், ஒரு நாளைக்கு எழும்பு. திரீவீலரை வாசலில் நிறுத்தி வைத்திருப்பேன், அவர் சரி என்றதும் மனம் மாறுவதற்குள் ஏற்றிவிட வேண்டும். வெறும் வயிற்றில்தான் இரத்தம் எடுப்பார்களாம். அதில் ஒரு கஷ்டமும் இல்லை, இப்போது அவர் காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை.

துஆவுடன்,
உன் உம்மா
ஆஸியா