மைதான முகவரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே முழங்காலைத் தவிர நான் சுகம். குளியலறைக் குழாய் சொட்டுவதை பிளம்பர் வந்து நிறுத்தினார், இப்போது சமையலறைக் குழாய் சொட்டுகிறது. உன் சித்தி இரண்டு நாள் வந்து தங்கி, நான் இளைத்துவிட்டேன் என்று வருத்தப்பட்டுவிட்டு, டப்பாவில் இருந்த பிஸ்கட்டை எல்லாம் தின்றுவிட்டுப் போனாள். கோப்பை மேட்ச் என்னம்மா ஆச்சு என்று போனில் கேட்டாய், அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சொன்னால் நீ சிரிப்பாய், நான் அழுவேன், ஒரே நேரத்தில் இரண்டும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

உன் அப்பா நாற்பத்தொரு வருஷம் நம் ஊர்க் கால்பந்து கிளப்புக்குச் செயலாளர். கிளப் என்றால் உனக்குத் தெரியும், மூன்று பந்து, ஒரு பீரோ, பதினாறு பேர். வருஷா வருஷம் தேசியக் கோப்பைக்கு மனு எழுதி அனுப்புவதுதான் பெரிய வேலை. சாப்பிடும்போதெல்லாம் அந்தக் கோப்பையைப் பற்றியே பேசுவார், நானும் காதில் விழாத மாதிரி பரிமாறுவேன், ஆனால் எல்லாம் விழுந்துதான் இருக்கிறது. முதல் வருஷம் பதினாலு டீம்தானாம், அதில் ஒன்று ரயிலைத் தவறவிட்டதாம். கோப்பை செய்யக் கொடுத்த ஆள் செய்து முடிக்காததால் ஜெயித்தவர்களுக்கு ஒரு பூ ஜாடியைக் கொடுத்து அனுப்பினார்களாம், அடுத்த வருஷம் கோப்பையோடு போய் ஜாடியைக் கேட்டபோது, ஜாடியே நல்லாத்தான் இருக்கு என்று தர மறுத்துவிட்டார்களாம். நடுவில் யுத்தம் நடந்த மூன்று வருஷம் ஆட்டம் இல்லை. இப்போது அறுநூறு டீமுக்கு மேல். நம்மைப் போன்றவர்கள் முதல் சுற்றிலிருந்து உருள வேண்டும், சம்பளம் வாங்கி ஆடுகிற பெரிய டீம்கள் சமையல் முடிந்த பிறகு வருகிற விருந்தாளி மாதிரி ஐந்தாம் சுற்றில்தான் வருவார்கள். யாருக்கு யார் என்பதைப் பையில் நம்பர் போட்ட உருண்டைகளைக் குலுக்கி எடுத்து முடிவு செய்வார்கள், முதலில் வருகிற நம்பருக்குச் சொந்த மைதானம், இரண்டாவது பஸ் ஏற வேண்டும். முன்பெல்லாம் சமமாக முடிந்தால் எதிராளி ஊரில் மறு ஆட்டம், அதுவும் சமமானால் இன்னொன்று. நீ பிறந்தபோது உன் அப்பா மூன்றாவது மறு ஆட்டத்தில் இருந்தார், அதுவும் சமம்தான். இப்போது அதெல்லாம் கிடையாது, அன்றைக்கே பெனால்டி அடித்து ஒருவரை அனுப்பிவிடுவார்கள். ஒரு தடவை தோற்றால் அந்த வருஷம் முடிந்தது. நம் கிளப் முப்பத்திரண்டு தடவை முதல் சுற்றிலேயே முடிந்திருக்கிறது. ஆனால் ஒரு வருஷம்கூட ஆடாமல் வெளியே போனதில்லை. தோத்திருக்கோம், ஆனா வராம இருந்ததில்ல என்று அதைத்தான் பெருமையாகச் சொல்வார்.

இந்த வருஷ மனுத்தாள் அவர் பெயருக்கே வந்தது, கோப்பை நடத்துகிற சங்கத்துக்காரர்களுக்கு அவர் போனது தெரியாது. நம் கேப்டன் பிளம்பர்தான், நான் எழுதிக்கிறேன் அக்கா, விடுங்க என்று வாங்கிக்கொண்டு போய் ஸ்பானர் பைக்குள் வைத்து மறந்துவிட்டார். கடைசி நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிடுங்கி வந்து நானே எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி ஒரு மத்தியானம் முழுக்க. அதில் தபால் முகவரி என்று ஒரு கட்டம், மைதான முகவரி என்று ஒரு கட்டம். எல்லாக் கடிதாசும் வீட்டுக்குத்தான் வரணும் என்று உன் அப்பா சொல்வது ஞாபகம் வந்தது. இரண்டிலும் நம் வீட்டு முகவரியை எழுதிவிட்டேன்.

குலுக்கலில் நமக்குத்தான் சொந்த மைதானம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். இரண்டரைக்கு நம் முட்டுச்சந்தில் ஒரு பெரிய பஸ் வந்து நின்றது. மஞ்சள் பையோடு பதினெட்டுப் பேர், கறுப்பு உடையில் ரெஃப்ரி ஒருவர். ஏம்மா, கிரவுண்டு எங்கம்மா என்று கேட்டார். நான் பின்கட்டைத் திரும்பிப் பார்த்தேன், ஏதோ அங்கே இருக்கிற மாதிரி. மைதானம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒன்றரை மைல். பஸ்ஸுக்குப் பின்னாலேயே சிலிண்டர் லாரி வந்து நின்றுவிட்டதால் பின்னால் போகவும் வழியில்லை. ரெஃப்ரி கடிகாரத்தைக் காட்டி, மூணரைக்குள்ள ஆரம்பிக்கலன்னா உங்க டீம் வெளியம்மா, ரூல் அது என்றார். பிளம்பருக்குப் போன் போட்டேன், அது அந்த ஸ்பானர் பைக்குள் கிடந்து அடித்திருக்கும். அவர்கள் உடை மாற்ற இடம் கேட்டார்கள். கூடத்தில் எட்டுப் பேர்தான் நிற்க முடிந்தது, அப்பா அறையைத் திறந்துவிட்டேன். காரியம் முடிந்து நீ ஊருக்குப் போன மறுநாள் பூட்டியது, ஏழு மாதம். அவர்கள் கோல்கீப்பர், ஏணி மாதிரி ஒரு பையன், நேராகப் போய்க் கட்டிலில் அப்பா படுக்கிற பக்கம் உட்கார்ந்துவிட்டான். நான்கூட உட்காராத இடம். எழுந்திருடா என்று சொல்ல வாயெடுத்தேன். ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான், கட்டி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போனில் வழி காட்டுமே என்று நீ கேட்பாய், அது நம் மைதானத்தை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் காட்டுகிறது. அதனால் நான் குடை பிடித்து முன்னால் நடந்தேன், பின்னால் பதினெட்டு மஞ்சள் சட்டையும் ரெஃப்ரியும். வழி தெரியாததால் ஒருவரும் என்னை முந்தவும் முடியாது. தையல்காரி எட்டிப் பார்த்து, என்னக்கா, இத்தனை பேரையும் எங்க பிடிச்சீங்க என்றாள். முழங்கால் பாதி வழியில் மறுத்துவிட்டது. அப்போது அவர்களில் ஒருவன், எதுக்கு ஓடணும், இங்கயே நின்னா நாமதான ஜெயிச்சோம் என்றான். நாற்பத்தொரு வருஷம் அவர் காப்பாற்றியதை நான் மனுத்தாளின் ஒரு கட்டத்தில் தொலைத்துவிட்டேன் என்று நடுத்தெருவில் நின்றேன். அவர்கள் கேப்டன், தலை நரைத்தவர், லாரி ஓட்டுகிறவராம், அவனைப் பார்த்து, நிக்கிறதுக்காடா அஞ்சு மணி நேரம் பஸ்ல வந்தோம், அந்த வண்டிய இழுடா என்றார். இஸ்திரிக்காரர் வண்டி. துணி மூட்டையோடு என்னையும் தூக்கி வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான் இடது, வலது என்று சொல்லிக்கொண்டே போனேன். இஸ்திரிக்காரர் பின்னால் கத்திக்கொண்டே வந்தார், அவரும் நன்றாகத்தான் ஓடுகிறார். மூன்று இருபத்தேழுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே காத்திருந்த நம் பையன்கள் அப்பாவுக்காக ஒரு நிமிஷம் மௌனம் என்று வைத்திருந்தார்கள், நேரம் ஆகிவிட்டதால் ரெஃப்ரி நாற்பது செகண்டில் விசில் ஊதிவிட்டார். மீதி இருபது செகண்டை நான் வீட்டுக்கு வந்து இருந்தேன்.

நான்கு கோல் வாங்கித் தோற்றோம். ஆடித் தோற்றோம். அறையை மறுபடி பூட்டவில்லை, கட்டிலுக்கடியில் ஒரு மஞ்சள் காலுறை கிடக்கிறது, துவைத்து வைத்திருக்கிறேன், தபாலில் அனுப்ப வேண்டும். சங்கத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. படித்த ஆள் யாராவது பார்க்கட்டுமே அக்கா என்றார் பிளம்பர். ஸ்பானர் பையில் வைக்கிற படிப்பு எனக்கு வேண்டாம் என்று நானே பதில் எழுதினேன். தப்பு என்னுடையது, மைதான முகவரி இதோ என்று இரண்டே வரி. ஏற்றுக்கொண்டோம், செயலாளர் அவர்களுக்கு என்று பதில் வந்திருக்கிறது. அடுத்த வருஷ மனு கம்ப்யூட்டரில்தான் போட வேண்டுமாம்.

குழந்தைக்குத் தலை ஈரமாக விடாதே. மாப்பிள்ளை வண்டியை மெதுவாக ஓட்டட்டும். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லிக் கொடு, நீயே செய்து அனுப்பிவிடாதே, நான்தான் செய்ய வேண்டும்.

உன் அம்மா,
செயலாளர்.

(சங்கத்துக்கு எழுதிய பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.)