புட்டு மட்டும் மாறவில்லை

ஒக்டோபர், ஞாயிறு இரவு

நான் வேலை செய்யும் பேக்கரிக்குக் கோப்பி குடிக்க வரும் லூச்சியா ஒரு கவிஞர். பிறர் கவிதைகளை இத்தாலிய மொழிக்கு மாற்றுவதும் அவர் வேலை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதிய ஒரு கவிதையை, ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்லி அவரிடம் கொடுத்தேன். இத்தாலிய மொழியில் மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்றேன். அது அம்மாவைப் பற்றியது. விருந்தாளி போதும் என்ற அர்த்தத்தில் "காணும்" என்று தட்டைக் கையால் மறைத்தாலும், விரல்களை விலக்கிப் புட்டு வைப்பவர் அம்மா.

இன்று ஸ்காபரோ நூலகத்தில் லூச்சியாவின் இத்தாலியக் கவிதை வாசிப்பு. அம்மாவும் வந்தார். அவருக்கு ஒன்றும் விளங்காது என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் லூச்சியா "அம்மா", "புட்டு", "காணும்" மூன்றையும் தமிழிலேயே விட்டிருந்தார். "புட்டு" என்ற சொல் வரும்போதெல்லாம் சனம் சிரித்தது.

அம்மா என் பக்கம் திரும்பினார். "என்னைப் பற்றி என்னடி எழுதினனீ?"

"ஒண்டுமில்லை அம்மா."

"ஒண்டுமில்லாததுக்கே உந்தச் சனம் உப்பிடிச் சிரிக்குது?"

நிலத்தைப் பார்த்தபடி கவிதையைத் தமிழில் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. எழுந்து நேரே லூச்சியாவிடம் போனார். சண்டைதான் என்று நினைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

எங்கள் மேசையில் லூச்சியா, "காணும், அம்மா" என்று தட்டை மறைத்தார். அம்மா அவருடைய விரல்களை மெல்ல விலக்கி இன்னொரு கரண்டி புட்டு வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதையும் எழுதடி."

எழுதிவிட்டேன். கண் சொக்குகிறது.