மூடித் தைத்த பெயர்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். டிராம் பிந்தியது. நான் வேலை செய்கிற காட்சிக்கூடத்தின் பின்வாசலில் பதினொரு மரப்பெட்டிகள், கூடவே எஸ்தர். அழைப்பிதழில் 'நூல் கலைஞர்' என்று போட்டிருக்கிறார்கள். கறுப்புப் பெண், ஐம்பத்தைந்து வயதிருக்கும். அப்பா கானாவிலிருந்து படிக்க வந்தவராம், அம்மா இதே லைப்சிக். என்னைவிட ஒரு தலை உயரம். குரலும் அப்படித்தான்.

கை கொடுத்தேன். கையுறை போட்டிருக்கிறேனா என்று பார்த்தாள்.

"இஞ்சை துணியைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

(ஜெர்மனில்தான் கேட்டாள். எனக்குள் எல்லாம் வீட்டுத் தமிழாகத்தான் விழும்.)

தையலில் மூன்று வருடப் படிப்பு, மணப்பெண் உடுப்புக் கடையில் ஒன்பது வருடம். இதையெல்லாம் சொல்லவில்லை. "நான் இருக்கிறன்" என்றேன். நம்பவில்லை.

பெட்டிகளுக்குள்: ஆட்டுரோம நூல், சணல், தலைமுடிக் கடையில் விற்கிற நைலோன் பின்னல், எக்ஸ்ரே துண்டுகள், குழந்தைச் சப்பாத்து. ஒற்றைச் சப்பாத்து.

நாளைக்கு: பெரிய ஏணி. நீட்டு ஆணி. வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஒக்டோபர் 8, புதன்

மழை இல்லை, குளிர். நடுச்சுவருக்கு எஸ்தரின் பெரிய நூல் தொங்கல், மூன்று மீட்டர். மூன்று தரம் கழற்றி மாட்டினேன்.

"இரண்டு சென்டிமீட்டர் கீழை."

"முதல் நீங்கள்தானே மேலை எண்டனீங்கள்?"

"இப்ப கீழை எண்டுறன்."

தோள் எரிந்தது. அவள் கதிரையில் இருந்தபடி அப்பிள் தின்றாள்.

தொங்கலைச் சுற்றிக் கறுப்புப் பின்னல், கயிறு கயிறாக. நடுவில் லினன் துணி, அதில் அச்சடித்த ஒரு பக்கம். ஜெர்மனியைச் சுவர் பிரித்திருந்த காலத்தில் அவள் வளர்ந்த பிள்ளைகள் இல்லத்துக் கோப்பிலிருந்து எடுத்தது. ஒன்பது குறிப்புகள். ஏணியில் நின்றபடி முதலாவதை வாசித்தேன்: 'முடி சீவ முடியாதது. மாதம் ஒருமுறை மொட்டை அடிக்கப்படுகிறது.' மிச்சத்தை வாசிக்கவில்லை. என் தோள் வலி எனக்கு.

பின்னேரம் பிராங்பேர்ட்டிலிருந்து அக்கா போன். யாருக்கு வேலை செய்கிறாய் என்றாள். சொன்னேன். உடனே அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரித்தாள். கறுப்பு ஆட்களுக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிற சொல்.

"அவைக்குக் கீழையும் வேலை செய்ய வேண்டி வந்திட்டுதே உனக்கு?"

நானும் சிரித்தேன். களைப்பு. இல்லை, களைப்பில்லை.

ஒக்டோபர் 9, வியாழன்

இயக்குநர் பிரிட்டா அறைக்குக் கூப்பிட்டாள். கதவைத் தானே சாத்தினாள். இதுவரை அப்படிச் செய்ததில்லை.

அந்தப் பக்கத்தின் அடியில் எழுதியவரின் பெயர் இருக்கிறதாம். இல்லத்தின் பொறுப்பாளராக இருந்த பெண். உயிரோடிருக்கிறார். அவருடைய மகள்தான் எங்கள் காட்சிக்கூட நண்பர் சங்கத்துத் தலைவி. நாளை திறப்பு விழாவில் முன்வரிசை.

"நீங்கள் தைக்கத் தெரிஞ்ச ஆள்தானே, துஷி. அதிலை ஒரு சின்னத் துணி. அதே நிறம். வேலைப்பாட்டின்ரை பகுதி மாதிரி."

"எஸ்தருக்குத் தெரியுமோ?"

"நான் பிறகு கதைப்பன்." சிரித்தாள். "உங்கடை ஒப்பந்தம் டிசம்பரோடை முடியுது, என்ன? அதையும் அடுத்த கிழமை கதைப்பம்."

மத்தியானம் எஸ்தர் வானொலிப் பேட்டிக்குப் போனாள். நாற்பது நிமிடம் போதும். வெளியே நூல் தெரியாத தையல். பெயரோடு அதற்கு மேலிருந்த குறிப்பும் மறைந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை. அளவை மட்டும் பார்த்தேன்.

ஒப்பந்தத்துக்காகத்தான் செய்தேன் என்று எழுதினால் பொய். தைக்கும்போது சந்தோஷமாக இருந்தது. இனிச் சொல்லு பார்ப்பம், இரண்டு சென்டிமீட்டர்.

ஒக்டோபர் 10, வெள்ளி

திறப்பு விழா. மண்டபம் நிறைய ஆட்கள், வைன், உப்பு பிஸ்கட். காதில் விழுந்தவை:

"என்ன நிறங்கள்! இது அவையின்ரை இரத்தத்திலேயே இருக்கு."

"இது உண்மையான முடியோ?" கேட்டவள் பின்னலைத் தொட்டாள். பிறகு எஸ்தரின் தலையைப் பார்த்தாள்.

ஒருவர் என்னிடம் தன் கோட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன்?

எஸ்தர் நடுச்சுவருக்கு முன் நின்றாள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது அவளுக்கு. முதுகிலேயே தெரிந்தது. நேராகப் போய் பிரிட்டாவின் கையிலிருந்து மைக்கை எடுத்தாள்.

"ஆரோ என்ரை துணியிலை தைச்சிருக்கினம்."

"பயணத்திலை ஏதும் நடந்திருக்கும்," என்றாள் பிரிட்டா. கண்ணிமைக்காமல்.

"பயணம் ஊசி பிடிக்காது. நல்ல கை இது. நான் பிரிக்க மாட்டன். தைச்ச ஆளே வந்து பிரிக்கட்டும்."

எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோட்டோடு நின்ற என்னை மட்டும் தாண்டிப் போனாள். நானாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பிடிபடவில்லை என்ற நிம்மதி வரவேண்டும். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

சங்கத் தலைவி வைனைக் குடித்து முடிக்காமல் போய்விட்டார்.

ஒக்டோபர் 11, சனி

முதல் உறைபனி. எட்டு மணிக்கே போனேன், மண்டபத்துச் சாவி என்னிடம். சிறிய கத்தரிக்கோல், ஏணி. பிரித்தேன். துணி விலகியது. கடைசிக் குறிப்பு:

'பிள்ளையைக் கேட்டு ஒரு தம்பதி வந்தனர். நல்லவர்கள். இப்பிள்ளை பொருத்தமற்றது எனக் கூறி அனுப்பிவிட்டேன்.'

கீழே கையொப்பம்.

ஏணிப்படியில் அப்படியே இருந்துவிட்டேன். பிறகு மற்றவற்றையும் வாசித்தேன். 'பிள்ளை அழுவதில்லை.' 'வெளிநாட்டு விருந்தினர் வரும் நாட்களில் முன்வரிசையில் நிறுத்தவும்.' அக்காவின் சிரிப்பு ஞாபகம் வந்தது. என்னுடையதும்.

எஸ்தர் எப்போது வந்தாள் தெரியாது. கையில் கோப்பிக் கோப்பை.

"நீங்களோ?"

"ஓம்."

"ஆர் சொன்னது?"

சொன்னேன். பிரிட்டா, சங்கம், ஒப்பந்தம், எல்லாம்.

"சொன்னது அவ. தைச்சது?"

"நான். எனக்கு உங்களிலை கோவம்."

"எனக்கு இப்ப உங்களிலை அதைவிடக் கோவம்." நான் இறங்க, அவள் மேலே ஏறி, ஊசி போன ஓட்டைகளை விரலால் தடவினாள். நீவி விடவா என்று கேட்டேன். "தொடாதேங்கோ. ஓட்டையும் இருக்கட்டும்." மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். "அதைக் கொண்டுபோய் வீட்டிலை வையுங்கோ," என்றாள்.

பத்து மணிக்கு பிரிட்டாவின் செய்தி: திங்கள் ஒன்பதுக்கு என் அறைக்கு வரவும்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வெயில். ஆட்கள் அதிகமில்லை. பால் முடிந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மூன்று மணிக்குச் சங்கத் தலைவி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாற்காலியில் அவருடைய அம்மா. அந்தப் பெயர்க்காரி. விழாவில் நடந்ததைக் கேள்விப்பட்டதிலிருந்து போகவேண்டும் என்று ஒரே பிடியாம். நீலக் கம்பளிச் சட்டை, சீவிய தலை, முத்துமாலை.

எஸ்தர் மண்டபத்தில்தான் இருந்தாள். எழும்பி வரவில்லை. கிழவி அவளைப் பார்த்தார்.

"நீ வளர்ந்திட்டாய்."

"வாசியுங்கோ," என்றாள் எஸ்தர். "சத்தமாய்."

மகள் நாற்காலியைத் திருப்பப் பார்த்தார். கிழவி மகளின் கையைத் தட்டிவிட்டார். கண்ணாடியை மாட்டினார். வகுப்பில் வாசிக்கிற மாதிரித் தெளிவான குரல். மொட்டை. அழுவதில்லை. முன்வரிசை. எட்டுக் குறிப்புகள் தடங்கலில்லாமல். மற்றப் பார்வையாளர்கள் சுவரோரமாக நகர்ந்தார்கள்.

ஒன்பதாவதில் நின்றார்.

"தொண்டை வறளுது. தண்ணி."

ஓடிப்போய் ஒரு கிளாஸ் கொண்டுவந்தேன். எஸ்தர் எழும்பி வந்து குறுக்கே கையை நீட்டினாள்.

"முதல் முடிக்கட்டும்."

"அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது!" என்று மகள் கத்தினார்.

"எனக்கு அப்ப ஆறு."

கிழவி தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னை. எஸ்தரின் கை ஒன்றும் சுவர் இல்லை, தாண்டிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

வாசித்தார். தம்பதி, நல்லவர்கள், பொருத்தமற்றது. கடைசியில் தன் பெயரையும்.